மதுரையைச் சுற்றிக் கண்மாய், காடு, மலைப் பாதைகளில் ஓடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேஸ்கோர்ஸ் மைதானத்திலும் தார்ரோட்டிலும் ஓடிப் பழகியவர்களுக்கு ஒரு கட்டத்தில் மண்ணில் ஓட ஆசை வரும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்களோடு ஓட வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளையும், நான் சொல்லிவருகிற பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. வெயில், பாம்பு பற்றிய பகுதிகளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மதுரையில் மலையும் காடும் ஏது? அதற்குக் கொடைக்கானல்தானே போக வேண்டும்?

வேண்டியதில்லை. ஒத்தக்கடையில் யானைமலை, வடக்கே அழகர்மலை, மேற்கே நாகமலையும் சமணர் மலையும், தென்மேற்கே பசுமலை, திருப்பரங்குன்றம். ஊரின் எந்தப் பக்கம் போனாலும் ஒரு மலை கண்ணில் படும். மேலூர்ப் பக்கம் போனால் அரிட்டாபட்டி. எல்லாமே பைக்கில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரம். மலைகளுக்கு நடுவே கண்மாய்கள்.

சோலைக்காடு மாதிரி எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். இது வறண்ட புதர்க்காடு. உசிலை, வேம்பு, புளி, பனை, கள்ளி, இடையிடையே சீமைக்கருவேலம். மலைகள் பெரும்பாலும் மொட்டைக் கருங்கல் பாறைகள். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து மார்கழியில் ஒரு தடவை வந்து பாருங்கள். கண்மாய் நிறைந்து கிடக்கும், பாறைச் சுனைகளில் தண்ணீர் நிற்கும், காலடியில் புல் இருக்கும்.

வேலி போட்டு, டிக்கெட் கொடுத்து, ஓடுகிறவர்களுக்கென்று அம்புக்குறி வைத்த பூங்கா எதுவும் இங்கே இல்லை. தண்ணீர் பாய்ச்சப் போகிறவரும் ஆடு மேய்க்கிறவரும் கோயிலுக்குப் போகிறவரும் நடந்து நடந்து விழுந்த தடம்தான் நம்முடைய ஓட்டப்பாதை. அவர்கள் பாதையில் நாம் விருந்தாளி. கீழே நான் சொல்கிற கட்டுப்பாடுகள் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகின்றன.

மண்பாதையில் இதுவரை ஓடியதே இல்லை. எங்கே தொடங்குவது?

கண்மாய்க்கரையில். நகரத்துக்குள்ளேயே வண்டியூர் கண்மாய் இருக்கிறது. நடைபாதை உண்டு, காலையில் நடக்க வருகிற கூட்டம் உண்டு, ஏதாவது ஆனால் உதவிக்கு ஆள் உண்டு. அங்கே சில வாரம் ஓடிப் பழகுங்கள். அப்புறம் மாடக்குளம், சாமநத்தம் மாதிரி ஊரை ஒட்டிய கண்மாய்ப் பக்கம் போகலாம்.

தார்ரோட்டில் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு மண்ணில் ஆறு போதும். பாதங்களும் கணுக்காலும் ஒவ்வொரு அடிக்கும் வேறு வேறு கோணத்தில் வேலை செய்யும். வாட்சில் வேகத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினால் கல் தடுக்கும். நேரத்தை மட்டும் வைத்து ஓடுங்கள்: இன்றைக்கு முக்கால் மணி நேரம், அவ்வளவுதான்.

கண்மாய்க்கரையில் ஓடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கண்மாயின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் பாதை தானாகப் பிடிபட்டுவிடும். கரை ஒரு பக்கம் வளைந்து போகும். உள்பக்கம் தண்ணீர், வெளிப்பக்கம் வயல். கரையின் உட்சரிவில் அலை அரிக்காமல் இருக்கக் கல் அடுக்கியிருப்பார்கள். நடுவே மடைகள் வரும், தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடுகிற இடம். பழைய கண்மாய்களில் தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்பதைப் பார்க்கலாம். மடையைத் திறக்கவும் மூடவும் ஆள் இறங்கி நின்ற இடம் அது. கரையின் ஒரு கோடியில் கலுங்கு. கண்மாய் நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் அதன்மேல் வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். அதைத்தான் மறுகால் பாய்கிறது என்கிறோம்.

ஓடுகிறவருக்கு ஆபத்தான இடம் இந்தக் கலுங்குதான். கோடையில் காய்ந்த கல் மேடையாக இருக்கும், தாராளமாகக் கடக்கலாம். மறுகால் பாய்கிற நாளில் கணுக்கால் அளவுத் தண்ணீர்தானே என்று இறங்காதீர்கள். கல்லில் பாசி படர்ந்திருக்கும், இழுப்பும் இருக்கும், விழுந்தால் கீழே கற்கள். திரும்பி வந்த வழியே ஓடுங்கள்.

அதிகாலையில் உள்வாய்ப் பக்கம், அதாவது தண்ணீர் நிற்கிற பக்கம், சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டே போனால் நீர்க்காகம், முக்குளிப்பான், நாமக்கோழி, நத்தைகுத்தி நாரை எல்லாம் தெரியும். ஒரு நாரை மீனுக்காக நிற்கிற இடத்தில் நம் காலடிச் சத்தம் கேட்டதும் முதலில் கழுத்து நீளும், அப்புறம் ஒரு காலைத் தூக்கும், அதற்கப்புறம்தான் பறக்கும். கழுத்து நீளும்போதே வேகத்தைக் குறைத்து நடந்தால் பெரும்பாலும் பறக்காது. நான் அதைச் செய்யாமல் போவதே இல்லை.

கீழக்குயில்குடி சமணர் மலையில் படியேறி ஓடலாமா?

அடிவாரத்தில் ஓடுங்கள், மேலே நடங்கள். இதில் எனக்கு இரண்டு எண்ணமே கிடையாது.

தேனி ரோட்டில் நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கமிருந்து உள்ளே திரும்பினால் கீழக்குயில்குடி. மலையடியில் அய்யனார் கோயில், பெரிய ஆலமரம், தாமரைக்குளம். மலையை ஒட்டிய மண்பாதைகளும் வண்டித்தடங்களும் மெதுவான ஓட்டத்துக்கு அருமையான இடம். ஒரு பக்கம் மலை நிழல் விழுவதால் வெயில் ஏறிய பிறகும் கொஞ்ச நேரம் தாங்கலாம்.

மேலே இருப்பது வேறு உலகம். பேச்சிப்பள்ளத்தில் பாறையில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள், அடியில் பழைய தமிழ் எழுத்து முறையான வட்டெழுத்தில் கல்வெட்டுகள். இன்னொரு பக்கம் செட்டிப்புடவுக் குகையில் பெரிய தீர்த்தங்கரர் சிற்பம். ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்டவை. இந்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற இடம் இது. சேதப்படுத்தினால், எழுதிக் கிறுக்கினால் தண்டனை உண்டு. ஏறுகிற வழியில் பாறையிலேயே சின்னச் சின்னப் படி வெட்டியிருப்பார்கள், பாதி பாதம்தான் பதியும். ஏறும்போது தெரியாது, இறங்கும்போது ஓடினால் முட்டிக்குக் கேடு. படி பயிற்சிதான் வேண்டும் என்றால் மைதானத்துப் படிகள் இருக்கின்றன. இங்கே ஓட்டத்தை முடித்துவிட்டு, மூச்சு அடங்கியதும் ஏறி, உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

அரிட்டாபட்டியைப் பற்றி நிறையச் சொல்கிறார்கள். அங்கே ஓட என்ன இருக்கிறது?

ஏரி, காடு, மலை மூன்றும் ஒரே காலையில் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்கிற இடம் இதுதான். மேலூருக்கு மேற்கே இருக்கிறது. 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அரிட்டாபட்டியையும் பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர் சொச்சத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் இந்தத் தகுதி பெற்ற முதல் இடம். ஏழு குன்றுகள், அந்தக் குன்றுகளில் இருந்து வழிகிற தண்ணீரை நம்பி 72 ஏரி குளங்கள், 200 நீரூற்றுகள், 3 தடுப்பணைகள் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். ஆனைகொண்டான் ஏரி பதினாறாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது.

இந்தக் கணக்கைக் காலால் புரிந்துகொள்ள முடிவதுதான் இங்கே ஓடுவதன் சுகம். பாறைச் சரிவில் தண்ணீர் வழிந்த கறுப்புக் கோடுகளைப் பாருங்கள். அந்தக் கோடு முடிகிற இடத்தில் ஒரு சுனை, அதற்குக் கீழே ஒரு ஓடை, ஓடை போய்ச் சேர்கிற இடத்தில் ஒரு குளம், குளத்தின் கலுங்கிலிருந்து அடுத்த கண்மாய். தண்ணீர் போகிற வழியையே பிடித்துக்கொண்டு மெதுவாக ஓடினால் மலையடியிலிருந்து வயல்வெளி வரை வந்துவிடலாம். மேட்டில் பாறையும் நடுவில் புதரும் கீழே நெல்லும் என்று காலுக்கடியில் தரை மாறிக்கொண்டே வரும்.

இங்கே இருநூற்றைம்பது வகைப் பறவைகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். லகுடு வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, பொனெல்லி கழுகு மூன்றும் அதில் முக்கியமானவை. இவை செங்குத்துப் பாறை இடுக்குகளில் கூடு வைப்பவை. ஆட்கள் மேலே ஏறிச் சத்தம் போட்டால் கூட்டை விட்டு எழுந்துவிடும், குஞ்சு வெயிலில் கிடக்கும். அதனால் பாறை உச்சிக்கு ஓடுவதும், ட்ரோன் பறக்கவிடுவதும், ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவதும் இங்கே கூடவே கூடாது. அழுங்கு (எறும்புதின்னி), தேவாங்கு, மலைப்பாம்பு எல்லாம் இருக்கிற காடு. பெரும்பாலும் இரவில் நடமாடுபவை. விடிவதற்கு முன்னால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இங்கே ஓட வராதீர்கள்.

குடைவரைச் சிவன் கோயில் ஒன்று இருக்கிறது, லகுலீசர் சிற்பத்தோடு. மலைக் குகைத்தளத்தில் தமிழ் பிராமிக் கல்வெட்டும் சமணர் படுக்கைகளும் உண்டு. இவற்றுக்கெல்லாம் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். ஓட்டத்தோடு சேர்த்து அரைகுறையாகப் பார்க்கிற விஷயம் இல்லை.

டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்றார்களே, அந்த இடமா?

அதே பகுதிதான். நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் 2024 நவம்பரில் ஏலம் முடிவானது, அரிட்டாபட்டியும் அந்த எல்லைக்குள் வந்தது. சுற்றுவட்டார மக்கள் எதிர்த்தார்கள். சட்டமன்றத்திலும் எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். 2025 ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கில் நடந்தே வந்தார்கள். அதே மாதம் 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அந்தக் கூட்டத்தில் நடந்து வந்த ஊர்க்காரர்களைத்தான் நீங்கள் காலையில் கண்மாய்க்கரையில் எதிர்கொள்வீர்கள். நம்மைவிட அந்தப் பாதையின் அருமை அவர்களுக்குத் தெரியும். முன்பின் தெரியாதவர்கள் கேமரா வைத்துக்கொண்டு மலையைச் சுற்றினால் “யாரு, என்ன விஷயமா வந்திருக்கீங்க?” என்று விசாரிப்பார்கள். விசாரிக்கட்டும். நின்று, ஊரைச் சொல்லி, ஓட வந்திருக்கிறோம் என்று பதில் சொல்லுங்கள்.

யானைமலை?

தூரத்திலிருந்து படுத்த யானையாகத் தெரிகிற அதே மலை. மூன்று கிலோமீட்டருக்குக் குறையாத நீளத்தில் ஒரே பாறை. நரசிங்கம் பக்கம் மலையடியில் எட்டாம் நூற்றாண்டுக் குடைவரை நரசிங்கப் பெருமாள் கோயில், கொஞ்சம் தள்ளி லாடன் கோயில். 2010இல் இங்கே சிற்ப நகரம் அமைக்கப் பேச்சு வந்தபோது ஊர் மக்கள் எதிர்த்து நிறுத்தினார்கள்.

ஒத்தக்கடையிலிருந்து நரசிங்கம் வரை ரோடு, அப்புறம் மலையை ஒட்டிய பாதை என்று சமதளத்தில் ஓடலாம். நகரத்திலிருந்து பக்கம் என்பதால் வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி. உச்சியில் ஓடுகிற யோசனையே வேண்டாம். சரிவு எங்கே முடிந்து செங்குத்து எங்கே தொடங்குகிறது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது.

அழகர்மலைக் காட்டுக்குள் ஓடலாமா?

அழகர்மலை காப்புக்காடு. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது வனச்சட்டப்படி குற்றம். கோயிலிலிருந்து பழமுதிர்சோலைக்கும், அதற்கு மேலே நூபுர கங்கைக்கும் போகிற மலைப்பாதை பக்தர்கள் போகிற பொதுவழி. ஏற்றம் ஓடிப் பழக அது போதும். வனத்துறை கேட்டில் கேட்டுக்கொண்டு, திறக்கிற நேரத்துக்குப் போங்கள், பாதையை விட்டு விலகாதீர்கள்.

குரங்குகள் அதிகம். கையில் வாழைப்பழமோ பையோ தொங்கினால் பிடுங்கும். முறைத்துப் பார்க்காமல் பேசாமல் நடந்து கடங்கள். காட்டுமாடு கண்ணில் பட்டால் நின்ற இடத்திலிருந்தே பின்வாங்குங்கள், போட்டோ எடுக்க இன்னும் நாலடி முன்னால் போகாதீர்கள். சித்திரைத் திருவிழா நாட்களில் அழகர்கோயில் ரோடே எதிர்சேவைக்கு, அதாவது அழகரை எதிர்கொண்டு வரவேற்க, வருகிற ஜனம்தான். அந்த வாரம் ஓட்டத்தை வைத்துக்கொள்ள வேண்டாம்.

எந்த மாதம் நல்லது? எத்தனை மணிக்குக் கிளம்புவது?

டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி முடிய. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை, பாதை சேறாக இருக்கும். மார்ச்சில் இருந்து வெயில் ஏறத் தொடங்கும். அக்னி நட்சத்திர நாட்களில் நாற்பது டிகிரியைத் தொடுகிற ஊர் இது.

ஜனவரியில் சூரியன் உதிக்க ஆறரை ஆகிவிடும். மே, ஜூனில் ஆறு மணிக்கு முன்னாலேயே உதித்துவிடும். எந்த மாதமாக இருந்தாலும் நிலம் வெளுத்த பிறகு கிளம்புங்கள், கால் வைக்கிற இடம் தெரிய வேண்டும். கோடையில் ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். சாயங்காலம் ஓடலாமே என்பார்கள். கருங்கல் பகல் முழுக்க வாங்கிய சூட்டைப் பொழுது சாய்ந்த பிறகும் வெளியே விட்டுக்கொண்டிருக்கும், மலையடியில் அனல் அடிக்கும். அதோடு பாம்பு வெளியே வருகிற நேரமும் அதுதான். கோடையில் மாலை ஓட்டத்தை மைதானத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

வெயிலுக்கு என்ன தற்காப்பு?

உடம்பு வெயிலுக்குப் பழகக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஆகும். ஏசி அறையில் வேலை செய்துவிட்டு மார்ச் கடைசியில் திடீரென்று மலையடியில் ஒரு மணி நேரம் ஓடுவது தப்பு. இருபது நிமிடத்தில் தொடங்கி ஏற்றிக்கொண்டே போங்கள்.

கூடவே தண்ணீர் இருக்க வேண்டும். மண்பாதையில் கடை கிடையாது, சுனைத் தண்ணீர் நமக்கானது இல்லை. ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் என்று கணக்கு வையுங்கள். அதற்கு மேல் ஓடினால் வெறும் தண்ணீரை மட்டுமே குடித்துக்கொண்டிருக்காதீர்கள், வியர்வையில் உப்பும் போகிறது. ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் கலக்க வேண்டும். சுவைக்காகக் கெட்டியாகக் கலக்கக் கூடாது. முடிந்து வந்ததும் உப்புப் போட்ட நீர்மோர், இளநீர், சீசனில் நுங்கு. இதற்கு மேல் விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

கூட ஓடுகிறவர் பேச்சுக் குழறுகிறாரா, தள்ளாடுகிறாரா, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறாரா? அது களைப்பு இல்லை, வெப்பத்தாக்கு. வியர்த்துக்கொண்டிருந்தாலும் வெப்பத்தாக்குதான். நிழலில் படுக்கவைத்து, இருக்கிற தண்ணீரை எல்லாம் தலை, கழுத்து, அக்குளில் ஊற்றி விசிறுங்கள். அதே நேரத்தில் இன்னொருவர் 108ஐக் கூப்பிட வேண்டும். குளிர்விப்பதைத் தள்ளிப்போடக் கூடாது, ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

பாம்பு பயமாக இருக்கிறது.

பயத்தைவிடப் பழக்கம் காப்பாற்றும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கும் இந்தப் பக்கம் உண்டு. வயல் வரப்பிலும் கண்மாய்ப் புல்லிலும் கண்ணாடி விரியன், வறண்ட கல்லுக்காட்டில் சுருட்டை. காலடி அதிர்வுக்குப் பல பாம்புகள் விலகும். விரியன் விலகாமல் அப்படியே கிடக்கும், அதுதான் சிக்கல். அதனால் புல் மூடிய தடத்தில் ஓடாதீர்கள், நடங்கள். பாறை ஏற கையை ஊன்றும் முன்னால் அந்த இடத்தைப் பாருங்கள். காதில் இயர்போன் வேண்டாம்.

கடித்துவிட்டால் பாம்பைத் தேடவோ அடிக்கவோ போகாதீர்கள். கடித்த காலை அசைக்காமல் வைத்து, மோதிரம், வாட்ச், கொலுசு, ஷூவைக் கழற்றிவிடுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டோ வண்டியில் உட்காரவைத்தோ நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மேலூர்ப் பக்கம் என்றால் மேலூர் அரசு மருத்துவமனை, மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனை. பச்சிலை, மந்திரம் என்று யாராவது அன்போடு சொன்னாலும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

நாய், தேனீ, மாடு?

நாய் குரைத்தால் நின்று, நடந்து, கடந்த பிறகு ஓடுங்கள். ஓடுகிற காலைத்தான் அது துரத்துகிறது.

அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டிருப்பார்கள். ராத்திரி முழுக்க ஆடுகளை அடைத்துவைத்து வயலுக்கு உரம் சேர்க்கிற பழைய ஏற்பாடு. விடியக்காலையில் வலை வேலிக்குள் ஆடுகள் நெருக்கி நிற்கும், கிடைக்காரர் போர்வையோடு கட்டிலில் இருப்பார், காவலுக்கு நாய்கள். இங்கே திடுதிடுவென்று ஓடிவந்தால் மொத்த ஆடும் மிரண்டு வேலியை முட்டும். “தம்பி, ஆடு கலையும், மெல்லப் போங்க” என்று ஒரு பெரியவர் எங்களிடம் சொன்னதில் இருந்து, கிடை கண்ணில் பட்டதுமே சுற்றிப் போவதை வழக்கமாக்கிக்கொண்டோம்.

மலைத்தேனீ கூடுகள் செங்குத்துப் பாறையின் கூரை விளிம்பில் கறுப்பாகத் தொங்கும். அதற்குக் கீழே நிற்காதீர்கள். சென்ட் போட்டுக்கொண்டு வராதீர்கள். புகை, பட்டாசு, கல்லெறிதல் கூடாது. தேனீ கிளம்பிவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு முடிந்தவரை தூரம் ஓடுங்கள், கையை வீசாதீர்கள்.

என்ன ஷூ வாங்க வேண்டும்?

அடிப்பாகம் தடித்த, பிடிமானம் உள்ள எதுவும் போதும். மலைப்பாதைக்கென்று விற்கிற விலை கூடிய ஷூ முதல் வருடத்துக்கு அவசியமில்லை. இங்கே ஷூவுக்கு எதிரி சீமைக்கருவேல முள். ரோட்டில் ஓடுகிற மெத்தையான ஷூவின் அடியை அது நேராகத் துளைத்துவிடும். உள்ளே போன முள் உடனே குத்தாது. தலை ஒடிந்து ரப்பருக்குள் உட்கார்ந்துகொண்டு, இரண்டு கிலோமீட்டர் கழித்துக் கால் வியர்த்து மெத்தை அமுங்கும்போது நுனி எட்டிப் பார்க்கும். ஷூவைக் கழற்றி உள்ளே விரலால் மெதுவாகத் தடவினால் இடம் தெரியும். வெளிப்பக்கம் ஒன்றுமே தெரியாது. அதனால் என் பையில் ஒரு சின்ன இடுக்கியும் இரண்டு ஊக்கும் எப்போதும் இருக்கும்.

பாறையைப் பற்றி ஒன்று. காய்ந்த கருங்கல்லில் பிடிமானம் பிரமாதமாக இருக்கும். மழை பெய்த நாளில், தண்ணீர் வழிந்த கறுப்புக் கோடுகளில் கால் வைத்தால் எண்ணெய் தடவின மாதிரி வழுக்கும். பனி இறங்கிய மார்கழிக் காலையிலும் அப்படித்தான்.

ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது. எல்லோரும் ஓடும்போது நான் மட்டும் நடப்பதா?

ஆமாம், நடங்கள். மலைப்பாதையில் ஏற்றத்தை நடப்பது முறையான உத்திதான், தேர்ந்த ஓட்டக்காரர்களும் செய்வது. ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற அளவுக்கு மூச்சை வைத்துக்கொள்ளுங்கள். அடியைச் சின்னதாக்குங்கள். உண்மையில் உடம்பை முறிப்பது இறக்கம்தான். தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குவதால் மறுநாளும் அதற்கு மறுநாளும் படியிறங்க முடியாமல் வலிக்கும். முதல் சில தடவை இறக்கத்தையும் நிதானமாகவே இறங்குங்கள்.

நீளமான ஏற்றம் வேண்டும் என்கிறவர்கள் திண்டுக்கல் – நத்தம் சாலையிலிருந்து பிரியும் சிறுமலை ரோட்டுக்குப் போகலாம். 18 கொண்டை ஊசி வளைவுகள். வண்டி வருகிற ரோடு என்பதால் வளைவில் ஓரமாக, எதிரே வருவது தெரிகிற பக்கம் ஓடுங்கள்.

பெண்கள் தனியாக வரலாமா?

கண்மாய்க்கரையில் விடிந்த பிறகு வயல் வேலைக்குப் போகிற பெண்கள் நிறையப் பேர் இருப்பார்கள், அங்கே தயக்கம் வேண்டாம். ஆள் நடமாட்டமில்லாத மலையடிவாரத்துக்கு யாராக இருந்தாலும் தனியாக வர வேண்டாம் என்றுதான் சொல்வேன், ஆணுக்கும் அதேதான். கணுக்கால் பிசகினால் தூக்கி உட்காரவைக்க ஒரு ஆள் வேண்டும். மலை மறைவில் சிக்னல் போய்விடும். எந்தப் பக்கம் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள். எங்கள் குழுவில் அக்கா ஒருவர் கிராமத்துக் கோயில் வாசலில் பூக்கட்டும் பாட்டியிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். திரும்பி வருகிறவரை அந்தப் பாட்டி கண் பாதையிலேயே இருக்கும்.

கோயில் காடுகள் வழியாகப் பாதை போகிறதே, ஓடலாமா?

ஊர் என்ன வழக்கம் வைத்திருக்கிறதோ அதுதான். செருப்புப் போடாமல் போகிற இடம் என்றால் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடங்கள், அல்லது சுற்றி ஓடுங்கள். விறகுக்குச்சிகூட எடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருக்கிற காடுகள் உண்டு. அந்தக் கட்டுப்பாட்டால்தான் இத்தனை உசிலை மரமும் இன்னும் நிற்கிறது. சுனையில் கால் கழுவாதீர்கள். ஜெல் பாக்கெட், தண்ணீர்ப் பாட்டில், வாழைப்பழத்தோல் எல்லாம் உங்கள் பையிலேயே திரும்பி வர வேண்டும். தோல் மக்கிவிடும் என்று வாதிடாதீர்கள், அது குரங்கையும் நாயையும் பாதைக்குப் பழக்கும்.

மேலூர்ப் பக்கம் பாறைக்குழிகளில் பச்சைத் தண்ணீர் அழகாக இருக்கிறதே, ஓடி முடித்துக் குளிக்கலாமா?

வேண்டாம். அவை கைவிட்ட கிரானைட் குவாரிகள். ஓரத்திலிருந்து ஒரே அடியில் ஆழம். ஏறி வரப் பிடிமானம் கிடையாது, விளிம்புக் கல் எப்போது பெயரும் என்றும் சொல்ல முடியாது. பக்கத்தில் நின்று படம் எடுப்பதும் வேண்டாம்.

நூறு இருநூறு பேரைச் சேர்த்து இங்கே ஓட்டப் போட்டி நடத்தலாமா?

வண்டியூரில் நடத்துங்கள், ரோட்டில் நடத்துங்கள். அரிட்டாபட்டியிலும் சமணர் மலையிலும் நடத்த நான் ஒத்துழைக்க மாட்டேன். ஒத்தையடிப் பாதை நூறு ஜோடிக் கால்களைத் தாங்காது. ஓரத்துப் புல் மிதிபட்டுப் பாதை அகலமாகும், அடுத்த மழையில் அந்த மண் கண்மாய்க்குள் போகும். ஆறேழு பேருக்கு மேல் போனால் நாங்களே இரண்டாகப் பிரிந்து வேறு வேறு பக்கம் ஓடுகிறோம்.

பைக் இல்லை. பஸ்ஸில் வர முடியுமா?

கீழக்குயில்குடிக்கு நகரப் பேருந்து உண்டு. யானைமலைக்கு மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் போகிற பஸ்ஸில் ஏறி ஒத்தக்கடையில் இறங்கினால் போதும். அழகர்கோயிலுக்கும் அடிக்கடி பஸ் இருக்கிறது. அரிட்டாபட்டிக்கு மேலூர் போய் மாற வேண்டும். விடிகாலையில் சரியாக வராது என்பதால் யாராவது ஒருவருடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து வருவதுதான் நடைமுறை. வண்டியை ஊருக்குள் டீக்கடை ஓரமாக, கேட்டுவிட்டு நிறுத்துங்கள். கண்மாய்க்கரையில் ஏற்ற வேண்டாம். திரும்பி வந்ததும் அந்தக் கடையிலேயே டீ குடியுங்கள்.